சொந்தமாகச் செய்த பீர் ஸ்டாண்டு: தண்ணீர் ஒத்திகையிலேயே ஆடுகிறது, புகைகிறது, பம்ப் மூச்சுவிடுகிறது. எதை முதலில் சரிசெய்வது?

பனிக்காடு (மிச்சிகன்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகச் சமையலறையில் ஒரே அண்டாவை வைத்துக்கொண்டு 5 காலன் 5 காலனாகப் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தவன் நான். போன தீபாவளி சமயத்தில் வோர்ட் (மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியம், ஊறி இறங்கிய இனிப்புச் சாறு; இதைப் புளிக்கவைத்தால்தான் பீர்) பொங்கி வழிந்து கண்ணாடி அடுப்பின் மேல் கருகிப் பிடித்துக்கொண்டது, அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, அன்றைக்கே வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது: இனி இந்த வேலையெல்லாம் கராஜில். சரி, போவதுதான் போகிறோம், ஒழுங்காகப் போவோம் என்று குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து ஒரு ஸ்டாண்டு செய்தேன்.

மூன்று அண்டாக்கள், எல்லாம் ஒரே மட்டத்தில். முதலாவது வெந்நீருக்கு, நடுவில் மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது), கடைசி கொதிக்கவைக்க. ஒவ்வொன்றும் 15 காலன், நம் கணக்கில் கிட்டத்தட்ட 57 லிட்டர். சட்டம் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 14 கேஜ் தடிப்பு. நீளம் 66 அங்குலம், உயரம் 24, கீழே நான்கு சக்கரம். படிப்படியாக அடுக்கி மேலிருந்து தானாக இறங்குகிற மாதிரி செய்தால் பம்ப் செலவு மிச்சம் என்று தெரியும். ஆனால் 75 டிகிரி வெந்நீரை 50 லிட்டர் அளவுக்குத் தலைக்கு மேலே ஏற்றி வைக்க மனம் வரவில்லை, வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான். (டிகிரி எல்லாம் செல்சியஸ். பன்னிரண்டு வருடம் ஆகியும் ஃபாரன்ஹீட் எனக்கு மண்டையில் ஏறவில்லை.) அதனால் ஒரு காந்த பம்ப் வாங்கினேன். அண்டாவுக்கு ஒன்றாக மூன்று பர்னர், 20 பவுண்டு ப்ரொப்பேன் சிலிண்டர். வெல்டிங் நானேதான், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பார்க்கக் கறையான் புற்று மாதிரி இருக்கும், ஆனால் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், விடவில்லை.

போன சனிக்கிழமை தானியம் எதுவும் போடாமல் மூன்றிலும் 45 லிட்டர் வெறும் தண்ணீர் வைத்து ஒத்திகை பார்த்தேன். காலியாக இருக்கும்போது பாறை மாதிரி நின்ற ஸ்டாண்டு, தண்ணீர் நிறைந்ததும் பக்கவாட்டில் லேசாகக் கை வைத்தால்கூட அரை அங்குலம் போய் வருகிறது, மேலே தண்ணீர் தளும்புகிறது. கொதிக்கும் அண்டாவின் தண்ணீர் 12 டிகிரியிலிருந்து கொதிவரை வர 1 மணி 25 நிமிடம் எடுத்தது. தீ பாதி மஞ்சளாக எரிந்தது, அண்டாவின் அடியில் விரலால் தொட்டால் மை மாதிரிக் கரி. பர்னரைச் சுற்றியிருந்த பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிப் புகைந்தது, வால்வு கைப்பிடியின் பிளாஸ்டிக் உறை உருகி வழிந்துவிட்டது. கடைசியாக, கொதித்த தண்ணீரைப் பம்ப் வழியாக விட்டால் பத்து விநாடி ஓடுகிறது, அப்புறம் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. இதே பம்ப் பச்சைத் தண்ணீரில் அருமையாக ஓடுகிறது.

மால்ட் மூட்டை வாங்கி வைத்துவிட்டேன், அடுத்த மாதத்துக்குள் முதல் காய்ச்சல் போட ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? பிரித்துப்போட்டு முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

---

தீப்பொறி (ஹூஸ்டன்) எழுதியது:

தம்பி, பிரிக்கவெல்லாம் வேண்டாம். 22 வருடமாகக் குழாய் வெல்டிங்கில் இருக்கிறேன், பீர் குடிக்கத் தெரியும், காய்ச்சத் தெரியாது, அதனால் இரும்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் எடையைக் கூட்டிப் பார். 45 லிட்டர் மூன்று, அதுவே 135 கிலோ. அண்டாக்கள், பர்னர்கள், சட்டம் எல்லாம் சேர்த்தால் 210 கிலோவுக்குக் குறையாது. நீ எழுதியதைப் பார்த்தால் நான்கு கால், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், அவ்வளவுதான் போலிருக்கிறது. நாற்கட்டம் எவ்வளவு தடிப்பான இரும்பில் செய்தாலும் பக்கவாட்டில் சாயத்தான் பார்க்கும். எடை மேலே, கால் கீழே, நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. கட்டிலுக்கும் பந்தலுக்கும் குறுக்குக் கழி கொடுக்கிறார்கள் இல்லையா, அதேதான். பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டம் கொடு, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று. முன்பக்கம் உனக்குக் கை நுழைய இடம் வேண்டும், அங்கே மூலைகளில் 4 அங்குல முக்கோணத் தகடு வைத்துப் பற்றவை. புதுக் குழாய்கூட வாங்க வேண்டாம், அதே ஒன்றரை அங்குலத்தில் மிச்சத் துண்டு இருந்தால் போதும்.

அடுத்தது சக்கரம். என்ன எடை தாங்கும் என்று மேலே அச்சிட்டிருக்கும், பார்த்துச் சொல். 125 பவுண்டு சக்கரம் நான்கு, அப்படியானால் 500 பவுண்டு தாங்கும் என்பது கடைக்காரன் கணக்கு. கராஜ் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிந்திருக்கும். சரிந்த தரையில் ஒரு சக்கரம் தொட்டும் தொடாமலும் நிற்கும், மூன்றுதான் சுமக்கும், சில சமயம் எதிரெதிர் மூலையில் இருக்கிற இரண்டு மட்டும். நான் என்றால் ஒன்றுக்கு 300 பவுண்டுக்குக் குறையாமல் போடுவேன், நான்கிலும் பிரேக். நிறைந்த ஸ்டாண்டை உருட்டவே கூடாது, அது வேறு விஷயம்.

வெல்டிங் புற்று மாதிரி இருக்கிறது என்றால் சூடு பற்றவில்லை, மேலோட்டமாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் அடித்துப் பார்ப்பது பரிசோதனை இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மிச்சத் துண்டில் அதே மாதிரி ஒரு வெல்டிங் போட்டு, அதை வைசில் பிடித்து எதிர்ப்பக்கம் மடக்கிப் பார். வெல்டிங் அப்படியே உரிந்து வந்தால் அண்டா தாங்கும் இணைப்புகளை மட்டுமாவது கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். குழாய் மடங்கி வெல்டிங் நின்றால் பிழைத்தாய்.

ஒரு கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்: எங்கேயாவது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போட்டிருக்கிறாயா?

---

பனிக்காடு எழுதியது:

அண்ணே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பர்னர் தாங்குகிற பட்டைகள் ஜி.ஐ.தான். ஹார்டுவேர் கடையில் அதுதான் கையில் கிடைத்தது. சக்கரம் பார்த்தேன், 125 பவுண்டு. சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

---

தீப்பொறி எழுதியது:

ஜோசியம் இல்லை, முதல் ஸ்டாண்டு செய்கிறவன் எல்லோரும் செய்வதுதான். அந்தப் பட்டையைப் பற்றவைத்த அன்று ராத்திரி குளிர் நடுங்கிக் காய்ச்சல் மாதிரி வந்ததா? வரவில்லை என்றால் உனக்கு நல்ல நேரம். ஜி.ஐ. மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு, வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் உடம்பு முறுக்கிப் போட்டுவிடும். எங்கள் பட்டறையில் பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், அதை நம்பாதே. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், நீ அதைக் கொண்டுபோய் தீக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய். கழற்றி எறிந்துவிட்டுச் சாதா இரும்புப் பட்டை வை. பெயின்ட் பர்னர் பக்கத்தில் எதற்கு? அங்கே வெறும் இரும்பாக விட்டு எண்ணெய் தடவு, மற்ற இடத்துக்குக் கிரில் அடுப்புக்கு அடிக்கிற அதிகச் சூட்டுப் பெயின்ட் அடி.

---

ஹாப்ஸ்கொடி (டென்வர்) எழுதியது:

அண்ணன் இரும்பை முடித்துவிட்டார், நான் தீயையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிறேன்.

மஞ்சள் தீ, கரி, 1 மணி 25 நிமிடம், மூன்றும் ஒரே நோய்தான்: காற்று போதவில்லை. உங்களிடம் இரண்டு கேள்வி. பர்னருக்கும் அண்டா அடிக்கும் எத்தனை அங்குலம்? சுற்றிலும் தகரத் தடுப்பு கட்டியிருக்கிறீர்களா? நான் முதலில் செய்தபோது தீ வீணாகக் கூடாது என்று பர்னரை 2 அங்குலத்தில் கொண்டுபோய் ஒட்டிவைத்து, நான்கு பக்கமும் தகரம் அடைத்து, பெட்டி மாதிரி செய்துவிட்டேன். பர்னர் மூச்சுத் திணறியது. 4 அங்குலத்திலிருந்து 5 அங்குலம் வரை இறக்குங்கள், தகரத்தை மூன்று பக்கம் மட்டும் விடுங்கள், அடியிலும் மேலேயும் ஒரு அங்குலமாவது சந்து வேண்டும், சூடு வெளியே போனால்தான் கீழே புதுக்காற்று வரும். அப்புறம் பர்னர் குழாயின் வாயில் ஒரு வட்டத் தகடு இருக்குமே, அதைத் திருப்பித் திருப்பித் தீ நீலமாகி நுனி அண்டாவைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும், மஞ்சள் தீ சோம்பேறித்தனமாகப் படபடக்கும், நீலத் தீ சீராக இரையும்.

மஞ்சள் தீயை நேரம் வீணாகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அரைகுறையாக எரிகிற தீ கார்பன் மோனாக்சைடை அள்ளிவிடும், அதற்கு வாசனை கிடையாது. மிச்சிகன் குளிரில் கராஜ் கதவை இறக்கிவிட்டுக் காய்ச்சத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம், கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், ஒரு அலாரமும் வாங்கி மாட்டுங்கள். ப்ரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து எங்கே நெருப்பு இருக்கிறதோ அங்கே போகும். உங்கள் கராஜில் வாட்டர் ஹீட்டர் இருக்கிறதா? அதன் அடியில் எரிகிற சின்னத் தீ போதும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி முட்டை விடுகிறதா என்று பார்த்தீர்களா? நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

பம்ப் கதைக்கு வருகிறேன். இந்தக் காந்த பம்ப் தானாக உறிஞ்சாது, தண்ணீர் அதன் வாயில் தானாக வந்து விழ வேண்டும். பச்சைத் தண்ணீரில் சமாளித்துவிடும். கொதிநிலையில் இருக்கிற தண்ணீரை லேசாக இழுத்தாலே ஆவியாகிவிடும், அந்தக் குமிழி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், கரகர சத்தம் அதுதான். பம்ப்பைக் கீழ்ச் சட்டத்தில், தரையிலிருந்து 4 அங்குலத்தில் பொருத்துங்கள். வருகிற ஹோஸ் குட்டையாக, அரை அங்குல உள்விட்டத்தோடு, எங்கேயும் மேலேறி இறங்காமல் நேராகச் சரிந்து வர வேண்டும். வாய் கீழே, வெளியேறும் பக்கம் மேலே பார்த்தபடி தலையைத் திருப்பிப் பொருத்துங்கள், உள்ளே மாட்டிய காற்று தானாக மேலே போய்விடும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் பக்கத்து வால்வை மூடுங்கள், உள்ளே வருகிற பக்கத்தை மூடவே கூடாது. பாதிப் பேர் தலைகீழாகச் செய்துவிட்டுப் பம்ப் மோசம் என்று திட்டுகிறார்கள். மோட்டாருக்கு மேலே ஒரு தகரக் கூரை, பிளக்குக்கு ஜி.எஃப்.சி.ஐ. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சாதனம்), இரண்டும் கட்டாயம்.

தெர்மாமீட்டரையும் நம்பாதீர்கள். ஐஸ் கரையும் தண்ணீரில் 0 காட்டுகிறதா, கொதியில் 100 காட்டுகிறதா என்று பாருங்கள். (எங்கள் ஊர் 1,600 மீட்டர் உயரம், இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். வந்த புதிதில் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று இரண்டு வாங்கினேன், வெட்கக்கேடு.)

---

ஒற்றைப்பானை (மெல்பர்ன்) எழுதியது:

மன்னிக்கவும், வயிற்றெரிச்சலாகத்தான் கேட்கிறேன்: இவ்வளவு இரும்பு எதற்கு? ஒரே அண்டா, ஒரு பெரிய துணிப் பை, பைக்குள் தானியம், ஊறியதும் தூக்கி வடியவிட்டு அதே அண்டாவில் கொதிக்கவைத்தால் முடிந்தது. எங்கள் ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்த முறைதான். பம்ப் இல்லை, சக்கரம் இல்லை, வெல்டிங் இல்லை. மிச்சப் பணத்துக்கு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) வாங்கலாம்.

---

பனிக்காடு எழுதியது:

ஒற்றைப்பானை, உங்கள் கேள்வி நியாயமானதுதான், நானும் அந்தப் பையில்தான் இரண்டு வருடம் ஓட்டினேன். ஆனால் 10 காலனுக்கு 9 கிலோ மால்ட், ஊறினால் கிட்டத்தட்ட 18 கிலோ, சொட்டச் சொட்ட, 70 டிகிரி சூட்டில். அதில் பாதியைத் தூக்கியே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அதனால்தான் கராஜுக்குப் போனபோது பையை விட்டுவிட்டு ஸ்டாண்டு யோசித்தேன். கப்பி மாட்டலாம் என்பீர்கள், கராஜ் கூரையைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

ஹாப்ஸ்கொடி, பர்னர் 2 அங்குலம், தகரம் நான்கு பக்கம். அச்சு அசல் நீங்கள் செய்த அதே பெட்டி. சோப்புத் தண்ணீர் பார்க்கவில்லை, இன்று மாலை பார்க்கிறேன்.

---

நொய்யல்கரை (கோவை) எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், ஆசையாக இருக்கிறது. இங்கே மொட்டைமாடியில் சின்னதாக ஒன்று போடலாமா? சட்டப்படி எப்படி?

---

ஹாப்ஸ்கொடி எழுதியது:

போடாதீர்கள். அங்கே 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம், பீர் என்றாலும்தான். இங்கே அமெரிக்காவிலும் ஒன்றும் ஆதியிலிருந்தே அனுமதி இல்லை. 1978-இல் அப்போதைய அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூட்டாட்சிச் சட்டம் வீட்டுப் பீரை விட்டது, அதிலும் தனி ஆள் வீடு என்றால் வருடத்துக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் இருந்தால் 200, விற்கக் கூடாது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன. வடித்தெடுக்கிற சரக்கை அந்தச் சட்டம் விடவில்லை, அதை யாரும் கேட்டுவிடாதீர்கள். மாடியில் ராகியை முளைகட்டிக் காயவைத்துக் கஞ்சி காய்ச்சுங்கள், மால்ட் என்றால் என்ன என்று நாக்குக்குத் தெரிந்துவிடும், போலீஸும் வராது.

---

பனிக்காடு எழுதியது (மூன்று வாரம் கழித்து):

முடித்துவிட்டேன், முதல் காய்ச்சலும் போட்டாகிவிட்டது. விவரமாக எழுதுகிறேன், யாராவது இதேபோல் செய்தால் உதவும்.

சோப்புத் தண்ணீரில் முதல் நாளே ஒன்று மாட்டியது. ரெகுலேட்டரிலிருந்து வருகிற ஹோஸ் பர்னர் குழாயில் சேரும் இடத்தில் பட்டாணி அளவுக்கு முட்டை, விட்டு விட்டு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. போன ஒத்திகையின்போது அதுவும் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும், அதற்கு இரண்டு அடி தள்ளி நான் தீ வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி முடுக்கியதும் நின்றது. அந்த ஹோஸ் பர்னருக்கு நேர் கீழே போய்க்கொண்டிருந்தது, இப்போது சட்டத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

வெல்டிங் மடக்கிப் பார்த்தேன். மூன்று துண்டில் இரண்டு அப்படியே உரிந்து வந்தன, பிளாஸ்டரை உரிக்கிற மாதிரி. அண்ணன் சொன்னபடி சுமை தாங்கும் பன்னிரண்டு இணைப்புகளையும் தேய்த்துவிட்டு, சூட்டைக் கூட்டி மறுபடி போட்டேன். இப்போதும் அழகாக இல்லை, ஆனால் குழாய் மடங்குகிறது, வெல்டிங் மடங்கவில்லை. சாய்வுச் சட்டம் மூன்று, முக்கோணத் தகடு நான்கு. ஜி.ஐ. பட்டை குப்பைக்குப் போய்விட்டது. மறுபடி 45 லிட்டர் மூன்று நிரப்பி, ரசமட்டத்தை மேலே வைத்துவிட்டுத் தோளால் முட்டினேன். குமிழ் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

பர்னரை நாலரை அங்குலத்துக்கு இறக்கியதும் அதே 45 லிட்டர், அதே 12 டிகிரித் தண்ணீர், 51 நிமிடத்தில் கொதித்தது. சிலிண்டர், பர்னர், அண்டா எதுவும் மாறவில்லை, காற்றுக்கு வழிவிட்டதோடு சரி. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அளந்தேன், ஐந்தரை லிட்டர் ஆவியாகிறது. இதற்காக ஒரு ஸ்டீல் ஸ்கேலில் லிட்டர் லிட்டராக ஊற்றிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், மொத்த வேலையிலும் மலிவான உருப்படி இதுதான், தினமும் கைக்கு வருவதும் இதுதான். இன்னொன்றும் கண்ணில் பட்டது: மாஷ் அண்டாவின் வால்வுப் பொருத்தம் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டுக் கசியவில்லை, 80 டிகிரி தாண்டியதும் சொட்ட ஆரம்பித்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையத்தைச் சிலிகோன் வளையமாக மாற்றியதும் நின்றுவிட்டது.

பம்ப் கீழே போனது, தலை திரும்பியது, கொதிக்கிற தண்ணீரிலும் முனகாமல் ஓடுகிறது.

சரி, பீர். சாதாரணப் பேல் ஏல்தான், 9 கிலோ டூ-ரோ மால்ட் (சாதா பார்லி மால்ட் வகை), கேஸ்கேட் என்கிற வகை ஹாப்ஸ், புது ஸ்டாண்டில் வித்தை காட்ட வேண்டாம் என்று. 67 டிகிரிக்கு மாஷ் பிடிக்க 74-இல் தண்ணீர் விட்டேன், 65-இல் வந்து நின்றது. மால்ட் மூட்டை கராஜ் மூலையில் 8 டிகிரியில் கிடந்ததை மறந்துவிட்டேன். மெல்லிய தீ வைத்துச் சுழலவிட்டுச் சரிசெய்யப் பார்த்தேன், அவசரத்தில் பம்ப் வால்வை முழுக்கத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான், மாஷ் அண்டாவுக்குள் இருக்கிற ஓட்டை போட்ட அடித்தட்டின் மேல் தானியம் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது, ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நிறுத்தி, தீயை அணைத்து, துடுப்பால் கிளறி, பையிலிருந்து இரண்டு கை உமி போட்டுக் கலந்தேன், பிறகு கால்வாசித் திறப்பில் ஓடவிட்டேன், மெல்ல வழி கிடைத்தது. உமிதான், நம் ஊர் ரைஸ்மில் பக்கம் மலை மாதிரிக் குவிந்து கிடக்குமே அதேதான், இங்கே ஒரு பவுண்டு இரண்டு டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அப்பாவிடம் போனில் சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

வோர்ட்டின் அடர்த்தி (வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக் கூட ஏறும்) 1.050 எதிர்பார்த்தேன், 1.046 வந்தது. அந்த இறுகலில் போன சர்க்கரைதான். இப்போது பாத்திரத்தில் குபுகுபுவென்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது, பையன் காதை வைத்துக் கேட்டுவிட்டு உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்கிறான்.

---

ஹாப்ஸ்கொடி எழுதியது:

1.046 ஒன்றும் மோசமில்லை, குடிக்க இன்னும் லேசாக இருக்கும். மாஷ் ஆரம்பித்து முதல் பத்து நிமிடம் பம்ப்பைத் தொடாமல் விட்டுப் பாருங்கள், தானியம் தானாகப் படியட்டும். அடுத்த முறை மூட்டையை முந்தின நாள் ராத்திரியே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

---

தீப்பொறி எழுதியது:

எல்லாம் சரி, சக்கரம் மாற்றினாயா?

---

பனிக்காடு எழுதியது:

மாற்றிவிட்டேன் அண்ணே, 300 பவுண்டு. பிரேக் இரண்டுக்குத்தான் வந்தது, மற்ற இரண்டும் வியாழக்கிழமை தபாலில் வரும். அதுவரை செங்கல் வைத்திருக்கிறேன்.